மெய் சொன்ன பிள்ளைகள், பொய் சொன்ன தாய்

பொபினி என்றால் எம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பிரிபெக்சர்தான். கார் து நோரில் 5ஆம் இலக்க மெற்றோவில் ஏறி, கடைசித் தரிப்பிடம்வரை போய், கையில் கோப்பும் வயிற்றில் கலக்கமுமாக வரிசையில் நின்ற அனுபவம் எமது குடும்பங்களில் அநேகருக்கு உண்டு. அதே வரிசையில் தலைப்பாகையோடு நின்ற சீக்கியரையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் கையிலும் கோப்பு, அவர்கள் முகத்திலும் கலக்கம். லாச்சப்பலில் எமது கடைகளுக்கு வெண்டிக்காயும் பச்சை மிளகாயும் வாங்க அவர்கள் வருகிறார்கள். 'போன்ஜூர்' சொல்கிறோம், விலை சொல்கிறோம், மிச்சக் காசு கொடுக்கிறோம். அதற்கு மேல் அவர்களைப் பற்றி எமக்கு என்ன தெரியும்?

ஒன்று மட்டும் தெரியும். எமக்கு 1983 ஆடி மாதம் எதுவோ, அவர்களுக்கு 1984 கார்த்திகை அது. இந்திரா காந்தி தமது சீக்கிய மெய்க்காவலரால் சுடப்பட்டு இறந்தபின், டெல்லித் தெருக்களில் ஆயிரக்கணக்கான சீக்கியர் கொல்லப்பட்டார்கள். பெயரைப் பார்த்து, தாடியைப் பார்த்து, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்த கூட்டம் எப்படியிருக்கும் என்பதைக் கொழும்பில் இருந்த எமது மூத்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் இம்முறை நாம் எழுத வந்தது அதற்கும் 280 ஆண்டுகள் முற்பட்ட கதையை. ஒவ்வொரு மார்கழியிலும், நத்தார் விளக்குகள் பாரிஸ் தெருக்களில் மின்னும் அதே நாட்களில், சீக்கியக் குடும்பங்கள் நான்கு பிள்ளைகளை நினைவுகூருகின்றன. அவர்களைச் 'சாகிப்சாதாக்கள்' என்கிறார்கள். நால்வரும் குரு கோவிந்த் சிங்கின் மைந்தர்கள். நால்வரும் ஒரே கிழமைக்குள் மாண்டவர்கள். மூத்தவர் 1687இல் பிறந்தவர், கடைக்குட்டி 1699இல் பிறந்தவன்.

முதலில் சிறிது பின்னணி. சீக்கிய சமயத்தின் முதற்குரு நானக், நெடும் பயணம் செய்தவர். அவர் எமது இலங்கைக்கும் வந்து போனார் என்று 'ஜனம்சாகி' என்னும் அவர்களது பழங்கதைகள் சொல்கின்றன. அந்த நினைவாக இராமேஸ்வரத்தில் ஒரு குருத்வாராவும் உண்டு. மண்டபம் முகாமில் இருந்துவிட்டு வந்த எம்மவர் சிலர் அந்தப் பக்கமாகப் போயும் இருப்பர், கவனித்திருக்க மாட்டார்கள். வயிற்றுப்பாடு பெரிதாக இருந்த காலம் அது.

நானக்கிலிருந்து பத்தாவது குரு கோவிந்த் சிங். அவருடைய தந்தையார் குரு தேக் பகதூர், 1675இல் ஔரங்கசீப்பின் ஆட்சியில் டெல்லி சாந்தினி சௌக்கில் சிரச்சேதம் செய்யப்பட்டார். காஷ்மீரத்துப் பண்டிதர்கள் தங்களை மதம் மாறச் சொல்லி வருத்துகிறார்கள் என்று முறையிட்டு வந்ததும், வேறொரு சமயத்தாரின் அந்த வழக்குக்காகவே குரு டெல்லிக்குப் போனார் என்பதும் சீக்கியர் போற்றும் செய்தி. அப்போது மகனுக்கு வயது ஒன்பது. அந்த ஒன்பது வயதுப் பையன் வளர்ந்து, 1699ஆம் ஆண்டு வைசாகி நாளில் ஆனந்தபூரில் 'கால்சா' என்னும் அமைப்பை உருவாக்கினார். தலை கொடுக்க யார் வருவீர் என்று வாளை உருவிக்கொண்டு கேட்டபோது எழுந்த ஐவர்தான் அதன் முதல் அங்கத்தவர்கள். அவர்களில் ஒருவர் பஞ்சாபியே அல்லர். இன்றைய கர்நாடகத்திலுள்ள பீதர் நகரத்தவர், முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர். சாதி பார்க்காத ஒரு கூட்டத்தை அவர் கட்ட முயன்றார் என்பதை, இங்கே வந்தும் திருமணப் பேச்சில் ஊரும் குலமும் விசாரிக்கும் எமது சனம் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். சரி, கதைக்கு வருவோம்.

1704இல் மொகலாயப் படையும் மலைநாட்டு இந்து அரசர்களும் சேர்ந்து ஆனந்தபூரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். (ஆண்டை 1705 என்று கணக்கிடுவோரும் உண்டு.) உள்ளே சாப்பாடு இல்லை. பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று அறிந்த எமக்கு அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டையை விட்டு வெளியேறினால் பத்திரமாகப் போகலாம் என்று வெளியே இருந்தவர்கள் தத்தம் வேதங்களின்மேல் சத்தியம் செய்தார்கள். மார்கழிக் குளிரில், இரவோடிரவாகக் குருவும் குடும்பத்தாரும் சீடர்களும் புறப்பட்டார்கள். சத்தியம் காற்றிலே போயிற்று. பின்னாலிருந்து படை பாய்ந்தது.

வழியில் சர்சா ஆறு. மழையால் வெள்ளம் கரை தட்டி ஓடியது. இருட்டு, குளிர், வெட்டுக்குத்து, வெள்ளம் எல்லாவற்றுக்கும் நடுவில் சனம் ஆற்றில் இறங்கியது. பலர் அள்ளுண்டு போயினர். கரையேறியவர்கள் ஒரே இடத்தில் கரையேறவில்லை. குருவும் மூத்த மைந்தர் இருவரும் ஒரு பக்கம். குருவின் துணைவியார் வேறு சிலரோடு இன்னொரு பக்கம். குருவின் தாயார், முதிய வயதினரான மாதா குஜ்ரி, இளைய பேரர்கள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாவது பக்கம். அந்தக் குடும்பம் பிறகு ஒன்று சேரவே இல்லை. ஆற்றோரத்தில் இன்று ஒரு குருத்வாரா நிற்கிறது. அதன் பெயரே 'பரிவார் விச்சோடா', அதாவது குடும்பம் பிரிந்த இடம். போர் வென்ற இடத்துக்கும் அரசன் முடிசூடிய இடத்துக்கும் சின்னம் வைப்பவர்கள் உலகத்தில் ஏராளம். ஒரு குடும்பம் பிரிந்த இடத்துக்குக் கோயில் கட்டியவர்களை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. எமக்கும் அப்படி எத்தனை இடங்கள்! கிளாலிக் கடலேரி, தலைமன்னார்க் கரை, கட்டுநாயக்காவின் கண்ணாடிக் கதவு...

மூத்தவர் இருவரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது போர்க்களத்துக் கதை, போர்க்களத்துக் கதைகள் எங்கும் ஒரே சாயல்தான். சம்கௌர் என்ற ஊரில் ஒரு மண்வீட்டுக் கோட்டைக்குள் குருவும் ஏறத்தாழ நாற்பது பேரும் அகப்பட்டுக்கொண்டார்கள். வெளியே பெரும் படை. சின்னச் சின்னக் குழுக்களாக வெளியேறிச் சண்டையிட்டு மாண்டார்கள். அஜித் சிங் போனார், திரும்பவில்லை. அண்ணன் விழுந்ததைக் கண்ட ஜுஜார் சிங், பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன், தானும் போக உத்தரவு கேட்டான் என்கிறார்கள். அவனும் திரும்பவில்லை. பீதரிலிருந்து வந்த அந்தத் தென்னாட்டவரும் அங்கேயே மாண்டார். எஞ்சிய சீடர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கிக் குரு இருளில் தப்பிப் போனார்.

இளையவர்களின் கதை வேறு. அவர்கள் கையில் வாள் இருக்கவில்லை.

பாட்டியும் பேரர்களும் தங்கள் வீட்டுச் சமையற்காரரின் ஊருக்குப் போனார்கள். பலகாலம் அந்த வீட்டு உப்பைத் தின்றவர், அடைக்கலம் தருவதாக அழைத்துப் போனவர், அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்துவிட்டார். சிர்ஹிந்த் நகருக்குக் கொண்டுபோய், 'குளிர்க் கோபுரம்' என்று பெயர்பெற்ற ஒரு மாடத்தில் மூவரையும் அடைத்தார்கள். கோடையில் பெரிய மனிதர் காற்று வாங்குவதற்குக் கட்டிய கோபுரம் அது. பஞ்சாபின் மார்கழியில் நாலு பக்கமும் திறந்த கோபுரத்தில் ஒரு கிழவியும் இரண்டு குழந்தைகளும் எப்படி இரவைக் கழித்திருப்பார்கள்? ஜோராவர் சிங்குக்கு வயது எட்டு ஒன்பது. பதே சிங்குக்கு ஆறோ ஏழோ. எமது பிள்ளைகள் அந்த வயதில் 'செப்பே'யில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.

சிர்ஹிந்தின் ஆளுநர் வசீர் கான் பிள்ளைகளைச் சபைக்கு அழைத்தான். மதம் மாறினால் உயிர், செல்வம், சுகம் எல்லாம் உண்டு என்றான். சிறுவர்கள் மறுத்தார்கள். அடுத்த நாளும் அழைத்தான், மறுத்தார்கள். இதில் ஒரு கிளைக்கதை உண்டு. பிள்ளைகள் தலை குனிந்து வரட்டும் என்று பெரிய கதவை மூடி, சிறிய திட்டிவாசலை மட்டும் திறந்து வைத்தார்களாம். சின்னவன் முதலில் காலை உள்ளே விட்டு, தலையைக் கடைசியாகக் கொண்டுவந்தானாம். எமது புதன்கிழமைத் தமிழ் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அடுத்த வரியைச் சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

அடுத்த வரி இதுதான். உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டும்படி தீர்ப்பாயிற்று. சுவர் எழுந்தது. சுவர் இடிந்து விழவே வாளால் கொன்றார்கள் என்று ஒரு மரபு, சுவரிலேயே மூச்சு நின்றது என்று இன்னொரு மரபு. செய்தி கோபுரத்துக்கு எட்டிய அன்றே பாட்டியும் உயிர் விட்டார்.

இவ்வளவோடு நிறுத்தினால் இது இந்து, முஸ்லிம், சீக்கியர் சண்டைக் கதையாகிவிடும். அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அரசியல் மேடைகளில் அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆனால் சீக்கியர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் வேறு சிலரும் வருகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் நாம் முக்கியமாக எழுத விரும்புகிறோம்.

அந்தச் சபையில் இருந்தவர்களில் ஒருவர் மலேர்கோட்லாவின் நவாப் ஷேர் முகம்மது கான், முஸ்லிம். குருவின் ஆட்களோடு நடந்த சண்டையில் அவருடைய சகோதரர் மாண்டிருந்தார். "உமது இரத்தப் பழியைத் தீர்த்துக்கொள்ளும், இதோ பிள்ளைகள்" என்று வசீர் கான் அவரிடம் நீட்டினான். அவர் மறுத்தார். பகை தகப்பனோடுதான், பால்மணம் மாறாத பிள்ளைகளோடு என்ன பகை என்பது அவர் பேச்சின் சாரம். எதிர்ப்புச் சொல்லிவிட்டுச் சபையை விட்டு எழுந்து போனார். பாம்பைக் கொன்று குட்டியை விடலாமா என்று தூபம் போட்டவர் சுச்சானந்த் என்ற இந்து அதிகாரி. காட்டிக் கொடுத்த சமையற்காரரும் ஒரு பிராமணர். காவலுக்குத் தெரியாமல் கோபுரத்துக்குப் பால் கொண்டுபோன மோதி ராம் மெஹ்ராவும் ஓர் இந்துதான். அந்தப் பாலுக்கு விலையாக அவரது குடும்பமே அழிக்கப்பட்டது என்கிறார்கள். மூன்று உடல்களையும் எரிப்பதற்கு நிலம் கேட்ட வணிகர் தோடர் மாலிடம், வேண்டிய அளவு நிலத்தைப் பொற்காசால் மூடு என்றார்களாம். அவர் காசைப் பரப்பி நிலம் வாங்கினார். இன்று அந்த இடத்தில் ஜோதி சரூப் என்ற குருத்வாரா நிற்கிறது.

நவாப் சொன்ன மறுப்பு பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. எழுந்து போனதோடு அவர் வேலை முடிந்தது. படை திரட்டவில்லை, சிறையை உடைக்கவில்லை. குறை சொல்ல நினைத்தால் சொல்லலாம். ஆயினும் சீக்கியர் அதை மறக்கவில்லை. 1947இல் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தபோது கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம்கள் வெட்டப்பட்டார்கள், துரத்தப்பட்டார்கள். மேற்கே சீக்கியருக்கும் இந்துக்களுக்கும் அதே கதி. அந்த நெருப்பின் நடுவில் மலேர்கோட்லா மட்டும் எரியவில்லை. அந்தச் சிறு சமஸ்தானத்து முஸ்லிம்கள் தம் வீடுகளிலேயே இருந்தார்கள். 240 ஆண்டுகளுக்கு முன் அவர்களது நவாப் ஒரு சபையில் சொன்ன சொல்தான் காரணம் என்று அங்குள்ள சனம் இன்றும் சொல்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் வேறு காரணங்களும் காட்டுவார்கள். எமக்கு அந்தச் சனத்தின் விளக்கமே போதும்.

இனி அந்தத் தாயின் கதை.

இளைய மைந்தர்கள் மாண்ட சில ஆண்டுகளில், 1710இல், பந்தா சிங் பகதூர் என்பவர் தலைமையில் சீக்கியர் சிர்ஹிந்தைப் பிடித்தார்கள். வசீர் கான் போர்க்களத்தில் கொல்லப்பட்டான். நகரம் பட்ட பாடும் கொஞ்சமல்ல. பழிவாங்கும் படை எந்தக் கொடியைப் பிடித்தாலும் படைதான். ஐந்தாண்டுகளின் பின் பந்தா பிடிபட்டார். நூற்றுக்கணக்கான கைதிகளை டெல்லிக்குக் கொண்டுவந்தார்கள். 1716 பங்குனியில் நாளொன்றுக்கு நூறு பேராகத் தலை வெட்டினார்கள். அப்போது கிழக்கிந்தியக் கம்பனியின் தூதர்கள் டெல்லியில் இருந்தார்கள். ஒருவர்கூட உயிருக்காக மதம் விட்டதாகத் தெரியவில்லை என்று வியந்து கல்கத்தாவுக்கு எழுதினார்கள். கடைசியாக ஆனி மாதத்தில் பந்தாவையும், நான்கு வயதளவான அவர் மகனையும் கொன்றார்கள்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைக் கஃபி கான் என்ற பாரசீக மொழி வரலாற்று ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அவர் சீக்கியர்மேல் அன்பு கொண்டவர் அல்லர், அதனாலேயே அவர் சாட்சிக்கு நிறை அதிகம். வெட்டப்படக் காத்திருந்த கைதிகளில் மீசை அரும்பும் வயதில் ஓர் இளைஞன். அவனுடைய தாய் எப்படியோ டெல்லிக்கு வந்து சேர்ந்தாள். பெரிய இடத்தில் ஆளைப் பிடித்தாள். மனுக் கொடுத்தாள். "என் மகன் சீக்கியன் அல்லன். அவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குற்றமில்லாமல் இந்தக் கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டான்" என்று அழுதாள். விடுதலை உத்தரவு கிடைத்தது. ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கொலைக்களத்துக்கு ஓடி வந்தபோது, மகனின் தலைக்கு மேல் வாள் ஓங்கியிருந்தது. உத்தரவைக் காட்டினாள். அவனை விட்டார்கள்.

அவன் போகவில்லை. "என் தாய் பொய் சொல்கிறாள். நான் மனதாலும் உயிராலும் குருவின் ஆள்தான். என் தோழர்களோடு என்னையும் அனுப்புங்கள்" என்றான். அனுப்பினார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் இளைஞனைப் போற்றுகிறார்கள். போற்றத்தான் வேண்டும். உயிர் கையில் வந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுப்பது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. ஆனால் அந்தத் தாய்? அவள் பிறகு எங்கே போனாள், ஓலையை என்ன செய்தாள், எத்தனை நாள் உயிரோடு இருந்தாள்? கஃபி கான் எழுதவில்லை. அவள் பெயர்கூட இல்லை. வகுப்பில் இந்தக் கதையையும் சொன்னோம். மீசை அரும்பும் வயதை எட்டாத ஒரு பையன் எழுந்து, "அவன் அம்மாவைப் பொய்க்காரி என்று எல்லாருக்கும் முன்னாலே சொல்லியிருக்கக் கூடாது" என்றான். "அவன் உண்மையைத்தானே சொன்னான்" என்று பக்கத்துச் சிறுமி மறுத்தாள். மணி அடிக்கும்வரை சண்டை ஓயவில்லை. நாமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

எமது விழா மேடைகளில் புறநானூற்றுத் தாய் வராத ஆண்டில்லை. தகப்பனையும் கணவனையும் போரில் இழந்தபின்னும், ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் பூசி வேலைக் கையில் கொடுத்து அனுப்பிய அந்தத் தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடிவைத்தார். நாம் ஈராயிரம் ஆண்டாக அவளை மேடையேற்றுகிறோம். டெல்லியில் பொய் சொன்ன தாயை யாரும் மேடையேற்றுவதில்லை. ஆனால் எமது வீடுகளில் இருப்பவர்கள் யார்? சுற்றிவளைப்பில் தலையாட்டிக்கு முன்னால் மகனை நிறுத்தியபோது, "ஐயா, இவன் படிக்கிற பிள்ளை" என்று இராணுவத்தின் காலைப் பிடித்தவர்கள். பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைத்துச் சொன்னவர்கள். ஆயுதம் தூக்கிய பிள்ளையை "எங்களுக்குத் தெரியாது, எங்களோடு இல்லை" என்றவர்கள். ஆள் சேர்க்க வந்தபோது மகளை நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளித்தவர்கள். காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டி, பதினாறு வயதுப் பிள்ளையைத் தனியே விமானம் ஏற்றியவர்கள். அந்தப் பொய்களாலும் அந்தக் கடன்களாலும்தான் எம்மில் பலர் இன்று லாச்சப்பலில் நடமாடுகிறோம்.

எமது மண்ணிலும் பதின்ம வயதிலேயே மாண்டவர்கள் ஏராளம். தாமாகப் போனவர்களும் உண்டு, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு, எதிலும் சேராமல் செல்லடியில் போனவர்களும் உண்டு. இருந்தும் எமது நினைவுக் கூட்டங்களில் ஒரே வகைக் கதைதான் ஒலிக்கிறது. 2009 வைகாசிக்குப் பிறகு வன்னித் தாய்மார் பிள்ளைகளின் படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். 2017 மாசியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டமாகவே உட்கார்ந்தார்கள். விடை காணாமலே கண்மூடியவர்கள் அவர்களில் பலர். அவர்கள் கேட்டது வீரப் பட்டமல்ல. பிள்ளை எங்கே என்பதுதான்.

இந்தப் பாரிஸ் நகரத்துக்கும் இப்படி ஒரு பிள்ளை உண்டு. 13ஆம் இலக்க மெற்றோவில் போகிறவர்கள் 'கீ மொக்கே' என்ற தரிப்பிடத்தைத் தாண்டியிருப்பார்கள். கீ மொக்கே ஒரு பாடசாலை மாணவன். நாசிப் படை நகரைப் பிடித்திருந்த காலத்தில் துண்டுப் பிரசுரம் வழங்கியவன். 1940 ஐப்பசியில் அவனைப் பிடித்த இடம் கார் து லெஸ்ற் மெற்றோ நிலையம், லாச்சப்பலிலிருந்து நடந்து போகும் தூரம். பிடித்தது ஜேர்மனியர் அல்லர், பிரெஞ்சுப் பொலிஸ். ஓர் ஆண்டு சிறையில் வைத்திருந்து, நான்ந் நகரில் யாரோ ஒரு ஜேர்மன் அதிகாரியைச் சுட்டதற்குப் பழியாக, 1941 ஒக்ரோபர் 22இல் சத்தோபிரியோனில் இருபத்தேழு பேரில் ஒருவனாகச் சுட்டார்கள். அவனுக்கு வயது பதினேழு. தாய்க்கும் தம்பிக்கும் தந்தைக்கும் அவன் எழுதிய கடைசிக் கடிதத்தைப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் வாசிக்க வேண்டுமென்று 2007இல் சார்க்கோசி அறிவித்தபோது, ஆசிரியர்களில் பலர் எதிர்த்தார்கள். ஒரு பிள்ளை தாய்க்கு எழுதிய கடிதத்தை அரசாங்கத்தின் கட்டளைப்படி வாசிப்பதா என்பது அவர்கள் கேள்விகளில் ஒன்று.

சீக்கியர்களுக்கும் அதே மாதிரி ஒரு தகராறு வந்தது. 2022இல் இந்திய அரசு டிசம்பர் 26ஆம் திகதியை 'வீர் பால் திவஸ்', அதாவது வீரச் சிறுவர் தினம் என்று அறிவித்தது. பெருமைப்பட வேண்டிய விடயம்தானே என்று நாம் நினைப்போம். ஆனால் குருத்வாராக்களை நிர்வகிக்கும் அவர்களது சபை அந்தப் பெயரை ஏற்கவில்லை. காரணம் சுவையானது. சீக்கியர் அந்தச் சிறுவர்களைச் சிறுவர் என்று சொல்வதில்லை. 'பாபா ஜோராவர் சிங்', 'பாபா பதே சிங்' என்றுதான் சொல்வார்கள். பாபா என்றால் பெரியவர். நரைத்த தாடியோடு குருத்வாராவில் உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுக் கிழவரும் ஆறு வயதுக் குழந்தையைப் பெரியவர் என்றே விளிக்கிறார்.

பிரான்சு மண்ணுக்குச் சீக்கியர் வந்தது எமக்கு வெகுகாலம் முன்பு. 1914இல் முதல் உலகப்போருக்காக ஆங்கிலேயர் கப்பலில் ஏற்றி வந்த இந்தியப் படைகள் மார்செய்யில் இறங்கின. அவர்களில் சீக்கியர் பெருந்தொகை. 1915 பங்குனியில் வடக்கே நெவ்-சப்பல் என்ற ஊரில் பெருஞ் சண்டை நடந்தது. பெயரில் பாதி எமது லாச்சப்பல்தான், ஊர் வேறு. அங்கே 1927இல் திறந்த நினைவுச் சின்னத்தில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மாண்டு, அறியப்பட்ட கல்லறை இல்லாமற்போன இந்தியப் படையினர் 4,700இற்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தலைப்பாகையோடுதான் அவர்கள் சண்டையிட்டார்கள்.

அந்தத் தலைப்பாகைதான் 2004இல் வழக்காயிற்று. பாடசாலைகளில் வெளிப்படையான சமயச் சின்னங்களைத் தடுக்கும் சட்டம் அந்த ஆண்டு பங்குனியில் வந்தது. முஸ்லிம் மாணவிகளின் முக்காட்டைப் பற்றித்தான் நாடு முழுக்கப் பேச்சு, சீக்கியரை நினைத்தவர் சிலரே. பாடசாலை தொடங்கியபோது பொபினியில் மூன்று சீக்கிய மாணவர்கள் வகுப்புக்குள் விடப்படவில்லை. பெரிய தலைப்பாகைக்குப் பதில் சிறு துணி கட்டி வருகிறோம் என்றார்கள், அதுவும் ஏற்கப்படவில்லை. நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் முறைப்பாடு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவரை போனது. 2012இல் அந்தக் குழு, பிரான்சு அவரது சமய உரிமையை மீறிவிட்டது என்று முடிவு சொன்னது. சட்டம் மாறவில்லை. அந்த மாணவர்களைச் சிர்ஹிந்துச் சிறுவர்களோடு ஒப்பிடுவது மிகை. இங்கே சுவரும் இல்லை, வாளும் இல்லை, வழக்கறிஞர் இருந்தார்கள். ஆனால் "இதை மட்டும் கழற்றிவிடு, உள்ளே வரலாம்" என்று வாசலில் கேட்கும்போது, எட்டு வயதில் கேட்ட கதை பதினேழு வயதுப் பிள்ளைக்கு நினைவுக்கு வராமல் இருக்குமா?

பொபினியிலுள்ள சிங் சபா குருத்வாராவுக்கு எவரும் போகலாம். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, கை கழுவி, தலையை ஒரு துணியால் மூடிக்கொள்ள வேண்டும், ஆண்களும்தான். துணி கொண்டுபோகாதவர்களுக்கு அங்கேயே கொடுப்பார்கள். சிகரெட் பெட்டி சட்டைப் பையில் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 'லங்கர்' என்னும் அன்னதானம் எல்லோருக்கும் ஒன்றுதான், ரொட்டியும் பருப்பும், நிலத்தில் வரிசையாக இருந்து சாப்பிட வேண்டும், காசு கேட்கமாட்டார்கள். எமது பஜோல் தெருப் பிள்ளையார் தேருக்கு அவர்களில் சிலரும் வந்து தண்ணீர்ப்பந்தலில் மோர் குடித்துவிட்டுப் போனதை நாம் கண்டோம். டிசம்பர் கடைசி வாரத்தில் பாடசாலை விடுமுறை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால், அங்குள்ள பாட்டிமாரிடம் அந்தத் திட்டிவாசல் கதையைக் கேட்கலாம். பிரெஞ்சு தெரியாத பாட்டியானால் பேரப்பிள்ளைகள் மொழிபெயர்ப்பார்கள், எமது வீட்டில் நடப்பது போலவே.